வைத்தியர் கிறீனின் தமிழ்ப் புத்தகங்கள்

தம்பிலுவிலில் வைத்தியசாலையால் வரும் முதியவர்கள் மருந்துத் துண்டை நீட்டி, "தம்பி, இதில என்ன எழுதியிருக்கு?" என்று கேட்பதுண்டு. வாசித்துச் சொல்லும்போதெல்லாம் வைத்தியர் கிறீனின் ஞாபகம் வரும்.

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டே மாணவரைச் சேர்த்து ஆங்கிலத்தில் மேலை வைத்தியம் கற்பித்தார். பின்னர் மானிப்பாயில் அப்பணி வளர்ந்தது. ஆனால் கற்றுத் தேறியவர்களில் பலர் அரசாங்க உத்தியோகத்தை நாடிச் சென்றனர். கிராமத்து நோயாளி வைத்தியரின்றியே இருந்தார்.

கிறீன் மாணவரைக் கடிந்துகொள்வதோடு நிற்கவில்லை. 1860களில் பாடமொழியையே தமிழாக்கினார். அதற்குப் புத்தகங்கள் வேண்டுமல்லவா? 'பிரசவ வைத்தியம்' 1857இலேயே வெளிவந்திருந்தது. 'இரண வைத்தியம்' 1867இலும், 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும் தொடர்ந்தன. மாணவர் ஐரோப்பிய உடைக்கு மாறுவதையும் அவர் விரும்பவில்லை. வைத்தியர் தம் சனங்களுள் ஒருவராகவே இருக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். ஒரு வைத்தியசாலையின் பண்பாடு அங்கே கற்பிக்கப்படும் புத்தகத்தில் தொடங்குகிறது என்பதை அவர் அறிந்திருந்தார்.

அவரிடம் பயின்றோர் 60க்கும் மேற்பட்டோர். அவர்களுள் பாதிப்பேர் வரையில் தமிழிலே கற்றவர்கள். 1873இல் தாயகம் திரும்பிய கிறீன் 1884இல் மறைந்தார். தமிழ்வழி வைத்தியக் கல்வி நிலைக்கவில்லை.

இன்று ஆங்கிலத்தில் கற்பதை நான் குறைகூறவில்லை. உலக மருத்துவ அறிவு அதன்வழியே வருகிறது. ஆனால் அந்தத் துண்டின் அடியில் தமிழிலே இரண்டு வரி எழுதுவதற்கு நமக்கு என்ன தடை?