ஆச்சியோடு அடிச்ச கும்மி

எனக்கு ஊர் ராயகிரி. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். எங்க ஆச்சி சொன்னதையும், படிச்சுத் தெரிஞ்சதையும் வச்சு, கும்மியின் கதையை எழுதுகிறேன்.

கும்மிக்கு முன்னாடியே நம்ம பெண்கள் குரவை ஆடியிருக்கிறார்கள். சிலப்பதிகாரத்தில் அது வருது. மதுரைக்கு வந்த கண்ணகி, மாதரி என்ற வயசான ஆயர்குலத்து அம்மா பொறுப்பில் தங்கியிருந்தாள். கோவலன் மதுரைக்குள் போன நாளில், உறை ஊத்தின பால் தயிராகவில்லை, உறி வெண்ணெய் உருகவில்லை. ஏதோ கேடு வரப்போகுதுன்னு மாதரிக்கு மனசில் பட்டது. மகள் ஐயையைக் கூப்பிட்டு, ஏழு பெண்களை வட்டமாக நிறுத்தி, கைகோத்துக் குரவை ஆட வைத்தாள். ஆட்டத்தைத் தொடங்கி வைத்தது வயசான மனுஷி, ஆடினது இளசுகள். பயம் வந்த நேரத்தில் வீட்டில் பெரியவளும் சின்னவளும் சேர்ந்து நின்ற கதை அது.

நம்ம பக்கத்தில் கும்மின்னா முளைப்பாரிதான். அம்மன் கோயில் கொடைக்குச் சில நாளுக்கு முன்னாடி நவதானியத்தை ஊறவச்சு, எருவும் மண்ணும் போட்ட சட்டியில் விதைப்பாங்க. வெயில் படாத அறையில் வச்சு, தினமும் தண்ணி தெளிப்பாங்க. ராத்திரி வேலை முடிஞ்சதும் பெண்கள் கூடி வட்டமாகக் கும்மி அடிப்பாங்க. குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு. ஒருத்தி பாட்டெடுத்துக் கொடுக்க, மத்தவங்க திருப்பிப் பாடணும். விதை நல்லா முளைச்சா அந்த வருஷம் வெள்ளாமை நல்லா இருக்கும்னு நம்பிக்கை.

எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார், பெண் விடுதலையைப் பத்திப் பாட்டெழுதும்போது அதைக் கும்மியாகவே எழுதினார். நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை ஐயா நாட்டுப்பாடல்களைத் தேடிச் சேர்த்துப் புத்தகமாகப் போட்டார். பாட்டைப் புத்தகத்தில் எழுதிடலாம். எந்த இடத்தில் குனியணும், எங்கே மூச்சு விடணும்னு பக்கத்தில் ஒருத்தி நின்னு ஆடினால்தான் வரும்.

எனக்கு அப்படி நின்னது எங்க ஆச்சி. "ஏட்டி, காலைப் பாக்காத, என் கையப் பாரு"ன்னு சொல்லிச் சொல்லிப் பழக்கினாள். உள்ளூரிலேயே ரெண்டு தெரு தள்ளி வாக்கப்பட்டேன். ஆனால் "மருமகப் பொண்ணு தெருவில் நின்னு ஆடுறதா?"ன்னு மாமியார் ஒரு வார்த்தை சொன்னாங்க. பத்து வருஷம் நான் வட்டத்துக்குள் போகவில்லை. கொடைக்குப் போய் ஓரமா நின்னு பார்த்துட்டு வந்திடுவேன்.

தமிழ்நாட்டில் மகளிர் குழு 1989-ல் தருமபுரியில் தொடங்கியது. 1997-98-ல் மகளிர் திட்டமாக மத்த மாவட்டங்களுக்கும் போனது. நான் குழுவில் சேர்ந்து, பேங்குக்கும் கூட்டத்துக்கும் போய்வர ஆரம்பிச்ச பிறகு, வீட்டில் அந்தப் பேச்சு தானா நின்னு போச்சு. அடுத்த கொடைக்கு மாமியாரே, "போயேன், உங்க ஆச்சி உன்னையத்தான் பாத்துக்கிட்டு இருக்கா"ன்னாங்க.

ஆச்சிக்கு அப்போ முழங்கால் வலி. திண்ணையில் உட்கார்ந்திருந்தவள், நான் வட்டத்தில் நின்னதைப் பார்த்ததும் கம்பைச் சுவரில் சாத்திட்டு வந்துட்டாள். ஒரே ஒரு பாட்டுக்கு ரெண்டு பேரும் சேர்ந்து அடிச்சோம். அவளால் குனிய முடியலை. நின்னபடியே தட்டினாள். அந்த நேரம் எனக்கு அவள் ஆச்சியாத் தெரியலை, கூட ஆடுற தோழியாத்தான் தெரிஞ்சாள்.

இப்போ ஆச்சி படுக்கையில் இருக்காள். விடிய விடியப் பாடத் தெரிஞ்சவள் அவள். எனக்கு முழுசாத் தெரிஞ்சது மூணு பாட்டுதான். பக்கத்தில் உட்கார்ந்து பாடச் சொன்னால் பாதியில் மறந்துடுறாள். நான் கை தட்டினால் மறந்த வரி சில நேரம் திரும்ப வருது. அந்தப் பத்து வருஷத்தை நினைச்சால் மனசு அடிச்சுக்குது.

மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டி பத்திரப்பன் ஐயாவுக்கு 87 வயசில், 2024-ல், பத்மஸ்ரீ கொடுத்தாங்க. முருகன் வள்ளி கதையைச் சொல்லும் வள்ளி ஒயில் கும்மியை, பழைய வழக்கத்தை மாத்திப் பெண்களுக்கும் கத்துக்கொடுத்தவர் அவர். இன்னைக்குக் கொங்கு நாட்டில் பாட்டியும் பேத்தியும் ஒரே வட்டத்தில் ஆடுறாங்க. நம்ம ஊர்லயும் அது நடக்கும்.

சகோதரிகளே, என் வேண்டுகோள் ஒண்ணுதான். மாசத்தில் ஒரு குழுக் கூட்டத்துக்கு உங்க வீட்டு ஆச்சியைக் கூட்டிட்டு வாங்க. கல்யாணமான பேத்திகளையும் கூப்பிடுங்க. வரவு செலவு எழுதி முடிச்சதும் அரைமணி நேரம் கும்மி அடிப்போம். வரும் பாட்டை ஒரு நோட்டில் எழுதி வைப்போம். நான் ஆச்சியின் மூணு பாட்டோடு வர்றேன்.