மெல்லும் வாய், எரியும் காது

சவக் சவக்கென்று சூயிங்கம் மெல்கிற ஆசாமிக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போவது பலருக்கு நரகம். 'என்னய்யா இது, மாடு அசை போடுற மாதிரி' என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். இந்த எரிச்சல் காதின் இயல்பு, இதில் போய் என்ன வரலாறு வேண்டிக் கிடக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. மெல்லும் சத்தம் குறித்த புகாருக்கு ஏறத்தாழ நானூற்றைம்பது ஆண்டுப் பழமையான எழுத்துச் சான்று உண்டு. அதைப் படித்தால் மென்றவர்களைவிடக் காதைப் பொத்திக்கொண்டவர்களைப் பற்றித்தான் அதிகம் தெரியவருகிறது.

பெர்னார்தினோ தெ சஹகூன் என்ற ஃபிரான்சிஸ்கன் பாதிரியார் 1529இல் மெக்சிகோவுக்கு வந்தவர். தோற்கடிக்கப்பட்ட நஹுவா மக்களின் தெய்வங்கள், சடங்குகள், தொழில்கள், பழக்கவழக்கங்கள் அனைத்தையும் கேட்டுக் கேட்டு எழுதவைத்தார். ஒரு பத்தி நஹுவா மொழியிலும் ஒரு பத்தி ஸ்பானிய மொழியிலுமாக அது 12 புத்தகங்களாக விரிந்தது. கைப்பிரதி இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகர நூலகத்தில் இருப்பதால் ஃபிளாரன்ஸ் ஏடு என்று பெயர். பத்தாவது புத்தகம் மனிதர்களை வகைபிரிக்கிறது. நல்ல அப்பன், கெட்ட அப்பன். நல்ல தச்சன், கெட்ட தச்சன் என்று ஜோடி ஜோடியாக அடுக்கிக்கொண்டே போகிறது. (வகைபிரிப்பது வெறும் வர்ணனைதான் என்று இன்னும் நம்புகிறவர்கள் இதை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.) சிக்லே விற்பவரைப் பற்றிச் சொல்ல வருகிற இடத்தில் மெல்லுவது பற்றிய பேச்சும் வந்துவிடுகிறது.

சிக்லே என்பது ஒரு மரத்தின் பால். நம் தோட்டங்களில் நிற்கிற சப்போட்டாவேதான் அந்த மரம். கடல் கடந்து இங்கே வந்ததும் நாம் பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். அந்த நாட்டில் இதை யார் மெல்லலாம், எங்கே மெல்லலாம் என்பதை ஏடு கறாராக வகுத்துவைக்கிறது. கல்யாணமாகாத பெண்கள் நாலு பேர் பார்க்க மெல்லலாம். கல்யாணமானவர்களும் விதவைகளும் மெல்லுவார்கள், ஆனால் வீட்டுக்குள். ஆண்களும் பல் சுத்தமாகட்டும் என்று மெல்லுவதுண்டு, பரம ரகசியமாக. வெளியில் மெல்லுகிற ஆண் ஆண்மையற்றவன், தன்பால் புணர்ச்சிக்காரன் என்ற வசைக்கு ஆளாவான். மிச்சமிருப்பவர்கள் கெட்ட பெண்கள். அவர்கள் தெருவிலும் சந்தையிலும் கூச்சமின்றி, சிப்ளாக்கட்டை தட்டுவதுபோலச் சத்தமெழுப்பி மென்றுகொண்டு போவார்களாம்.

அதே மரத்துப் பால், அதே பல், அதே எச்சில். வீட்டுக்குள் மெல்லுகிற மனைவியின் வாயிலிருந்து சத்தம் வந்ததா என்பது பற்றி ஏட்டில் பேச்சே இல்லை. சத்தம் ஒரே ஒரு வகைப் பெண்ணின் வாயில்தான் கேட்கிறது. அவளை நஹுவா மொழியில் 'அவியானி' என்கிறார்கள். மகிழ்ந்திருப்பதைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. ஸ்பானியப் பத்திக்குப் போனதும் அவள் வெறும் வேசியாகிவிடுகிறாள். நஹுவா சமூகத்தில் அவளுடைய இடம் ஸ்பானியர் புரிந்துகொண்டதுதானா என்பது ஆய்வாளர்களிடையே இன்றும் தீராத விவகாரம்.

இதையெல்லாம் சொன்னது யார்? சஹகூனுக்குத் தகவல் தந்தவர்களில் பெரும்பாலோர் மேட்டுக்குடியைச் சேர்ந்த வயதான ஆண்கள். எழுதிக்கொடுத்தவர்கள், 1536இல் த்லாதெலோல்கோவில் தொடங்கப்பட்ட கல்லூரியில் லத்தீன் படித்த மேட்டுக்குடிப் பையன்கள். கேள்வி கேட்டவர் துறவி. சந்தை வழியே மென்றுகொண்டு போன பெண்ணை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. ஆவணத்தில் பதிந்திருப்பது அவள் எழுப்பிய ஒலி என்றுதான் நாம் படிக்கிறோம். உண்மையில் அது கிழவர்களின் காது.

இந்தப் பால் அமெரிக்க நகரங்களுக்குப் போய்ச் சேர்ந்தது வேறு கதை. மெக்சிகோவின் முன்னாள் அதிபர் சாந்தா அன்னா 1860களில் நியூயார்க் பக்கம் நாடுகடந்து வாழ்ந்தபோது, தாமஸ் ஆடம்ஸ் என்பவருக்குச் சிக்லே அறிமுகமானது. ரப்பருக்குப் பதிலாக இதை வைத்து எதையாவது செய்யலாம் என்று பார்த்தார் ஆடம்ஸ். ஒன்றும் ஆகவில்லை, மெல்லக் கொடுத்தார், விற்றது. 1871இல் அதற்கான இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1888இல் நியூயார்க்கின் உயர்த்தப்பட்ட ரயில்பாதைப் பிளாட்பாரங்களில் காசு போட்டால் சூயிங்கம் தள்ளும் பெட்டிகள் வந்தன.

நாகரிகத்தின் இயக்கம் பற்றி நார்பர்ட் எலியாஸ் 1939இல் எழுதியது இங்கே நினைவுக்கு வருகிறது. கத்தி பிடிப்பது, மூக்கு சிந்துவது, வாயை மூடி உண்பது எல்லாமே அரசவையில் தொடங்கி மெல்ல மெல்லக் கீழே இறங்கிய ஒழுங்குகள் என்பார் அவர். சூயிங்கம் போன வழி தலைகீழ். பிளாட்பாரத்திலும் கடைவாசலிலும் பிறந்து மேலே ஏற முயன்ற பழக்கம் இது. 1915இல் ரிக்லி, தொலைபேசிப் புத்தகத்தில் பெயர் இருந்த அத்தனை பேருக்கும் இலவசமாகத் தபாலில் அனுப்பினார். அன்றைக்கு வீட்டில் போன் வைத்திருந்தவர் யார் என்று யோசித்தால், எந்த வரவேற்பறைக்குள் நுழையப் பார்த்தார் என்பது விளங்கும். நுழைந்தும் விட்டார். ஆனால் சத்தத்தை மட்டும் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கடைப் பெண், டைப்பிஸ்ட், ஹோட்டல் பணிப்பெண் என்று ஹாலிவுட் படங்களில் சத்தமாக மெல்ல விதிக்கப்பட்டவர்களைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் ரேஷனோடு சூயிங்கம் வாங்கி மென்ற அமெரிக்கச் சிப்பாயின் தாடை என்றால் மட்டும் அது மிடுக்கு! மெக்சிகோவில் ஆணுக்கு இழுக்காக இருந்தது இங்கே ஆணுக்கு அழகாகிவிட்டது. பெண்ணுக்கு மட்டும் பட்டம் மாறவில்லை.

எல்லாமே வர்க்கமும் பாலினமும்தான், காதுக்கு வலியே கிடையாது என்று சொல்லிவிட முடியாது. அப்படிச் சொல்வது சோம்பேறித்தனம். அடுத்தவர் மெல்லும் ஒலி கேட்டால் நெஞ்சு படபடத்து அறையைவிட்டே ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2001இல் யாஸ்ட்ரெபோஃப் தம்பதி இதற்கு 'மிஸோஃபோனியா' என்று பெயர் வைத்தார்கள். 2017இல் நியூகாஸிலில் சுக்பிந்தர் குமார் குழு இவர்களுடைய மூளையில் முன்பக்க இன்சுலாப் பகுதி மிகையாகத் தூண்டப்படுவதைக் காட்டியது. அதே குழு 2021இல் இன்னொன்றையும் சொன்னது: இவர்களுக்குக் கேட்கும் பகுதியோடு, தங்கள் வாயையும் முகத்தையும் அசைக்கும் மூளைப் பகுதியும் அளவுக்கு மீறிப் பிணைந்திருக்கிறது. அடுத்தவன் மெல்ல, இவருடைய வாய் தூண்டப்படுகிறது. உடலுக்குள் அத்துமீறி நுழைந்துவிட்டான் என்ற ஆத்திரம் கற்பனையில்லை. ஆனால் அந்த ஆத்திரத்தைச் சுமப்பவர் கொஞ்சப் பேர். 'வளர்ப்பு சரியில்லை' என்று மெல்லுகிறவரைப் பார்த்து உதடு சுழிப்பவர்களோ ஏராளம். இவர்களுடைய சுளிப்புக்கு இன்சுலாவைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம்.

சிங்கப்பூர் 1992 ஜனவரியில் சூயிங்கத்தைத் தடைசெய்தது. ரயில் கதவுகளில் ஒட்டிவைத்ததைக் காரணம் காட்டியது. 2004இல் அமெரிக்காவோடு போட்ட வணிக ஒப்பந்தத்துக்குப் பின் மருத்துவ வகைகளை மட்டும் அனுமதித்தது. அன்றைய விதிப்படி வாங்குகிறவர் பெயரையும் அடையாள எண்ணையும் மருந்துக் கடைக்காரர் பதிந்துகொள்ள வேண்டும். மெல்லுகிறவர் கடைசியில் பெயரோடு ஆவணத்துக்குள் வந்தது இப்படித்தான்.

பால் எடுத்தவர்களை இந்தக் கதையில் யாரும் கண்டுகொள்வதில்லை. யுகதான், பெத்தேன் காடுகளில் அவர்களுக்குச் சிக்லேரோ என்று பெயர். மழைக்காலத்தில்தான் பால் நன்றாக வடியும். முன்பணம் வாங்கிக் கடனாளியாகிக் காட்டுக்குள் போய், இடுப்பில் கயிறு கட்டி மரமேறி, வெட்டுக்கத்தியால் கோணல் கோணலாகக் கீறிக்கொண்டே போக வேண்டும். கத்தி தவறிக் கயிற்றிலேயே பட்டு விழுந்து செத்தவர்கள் உண்டு. இறக்கிய பாலைக் காய்ச்சிக் கட்டியாக்கிச் சுமந்து வர வேண்டும். போருக்குப் பின் செயற்கைப் பசை வந்து இந்தத் தொழில் படுத்துவிட்டது. மெக்சிகோவின் கிந்தானா ரோ மாநிலத்தில் சில கூட்டுறவுகள்தான் அதை இன்னும் பிடித்துவைத்திருக்கின்றன.

அந்த மழைக்காலக் காட்டில் ஒரு வகை மணல் ஈ உண்டு. கடித்தால் லீஷ்மேனியா கிருமி உடலில் ஏறும். துணியில்லாமல் திறந்துகிடக்கிற இடமாகப் பார்த்துக் கடிக்கும். பெரும்பாலும் காது மடலில். புண் ஆறாது. வருஷக்கணக்கில் இருந்து குருத்தெலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். யுகதானில் 1912இல் செய்டலின் என்ற மருத்துவர் இதைப் பதிவுசெய்தார். பாதிக் காதோடு காட்டைவிட்டுத் திரும்பிய அந்தத் தொழிலாளிகளின் பெயரையே நோய்க்கும் வைத்துவிட்டார்கள். மருத்துவ நூல்களில் இன்றும் அது சிக்லேரோ புண்தான்.