அவதானக் கலையும் அவையஞ்சாமையும்

அவதானம் என்பது ஒரே அமர்வில் பல செயல்களில் கவனம் செலுத்தி, எதையும் தவறவிடாமல் செய்து காட்டும் நினைவுக் கலையாகும். இது கவனகம் எனவும் வழங்கப்படுகிறது. எட்டுச் செயல்களைச் செய்பவர் அட்டாவதானி, பத்துச் செய்பவர் தசாவதானி, நூறு செய்பவர் சதாவதானி எனப்படுவர்.

அவையில் நடப்பது

அவதானி பாட்டு இயற்றிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் மணி அடிப்பார்; மற்றொருவர் அவர் முதுகில் சிறு கற்களையோ பூக்களையோ எறிவார்; வேறொருவர் கணக்குக் கேட்பார். இறுதியில் எல்லாவற்றுக்கும் சரியான விடை சொல்ல வேண்டும். பிழை நேர்ந்தால் அவையோர் அனைவரும் அறிவர்.

வரலாறு

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்கள் 1985 வரை பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. இராமநாதபுரம் சேதுபதிகளின் அவையில் 19ஆம் நூற்றாண்டில் அட்டாவதானம் சரவணப் பெருமாள் கவிராயர் புகழ்பெற்றிருந்தார்.

நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950), 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தினார். இசுலாமியரான அவரிடம், துருக்கனுக்கு இராமனே துணை என்று பொருள்படும் ஈற்றடியைக் கொடுத்து வெண்பா பாடச் சொன்னதாக ஒரு செய்தி வழங்குகிறது. இசுலாமியரைத் துருக்கர் என்பது அக்கால வழக்கு. பாவலர் முந்தைய அடியைச் 'சத்' என்று முடித்தார். அது ஈற்றடியோடு சேர்ந்து, இராமனின் தம்பி சத்துருக்கனைக் குறித்தது. கேட்டவர் மனமும் புண்படவில்லை. பாடியவர் நிலையும் தாழவில்லை.

உளவியல் விளக்கம்

1908இல் அமெரிக்க உளவியலாளர்கள் யெர்க்சு, டாட்சன் இருவரும் எலிகளைக் கொண்டு ஆய்வு செய்தனர். கடினமான வேலையில் தூண்டுதல் அளவு மீறினால் கற்றல் குறைந்தது. எளிய வேலையில் அவ்வாறு குறையவில்லை. ஆகவே, நெடும் பயிற்சியால் எளிதாகிப்போன செயல் அழுத்தத்தைக் கூடுதலாகத் தாங்கும் எனக் கருதலாம்.

மனிதர் ஒரே நேரத்தில் ஏறத்தாழ ஏழு கூறுகளையே உடனடி நினைவில் வைக்க முடியும் என்று 1956இல் சியார்ச்சு மில்லர் எழுதினார். சிறு கூறுகளைத் தொகுத்துக்கொண்டால் இந்த வரம்பைக் கடக்கலாம் என்றும் அவர் காட்டினார். சீரும் தளையும் பழகிய புலவருக்கு வெண்பாவின் சொற்கள் தனித்தனிச் சுமையல்ல, ஒரே தொகுப்பு. மிஞ்சும் கவனம் மணி ஓசையை எண்ண உதவுகிறது.

திருக்குறளின் 72ஆம் அதிகாரம் அவையறிதல். அதையடுத்தே அவையஞ்சாமை வருகிறது. அவதானிகளிடமும் இந்த வரிசையே காணப்படுகிறது. அவர்களின் துணிவு பிறவிக் குணமன்று. முன்னரே செய்த பயிற்சியின் விளைவு. தேர்வறையில் நடுங்கும் மாணவருக்கும் இது பொருந்தும்.

பாவலர் நினைவாக 2008இல் இந்திய அஞ்சல் துறை அஞ்சல் தலை வெளியிட்டது.