குதிரையின் சமநிலை: ஒரு பயிற்சி மரபின் வரலாறு

நிற்கும் குதிரையின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு முன்னங்கால்களில் இறங்குகிறது. மனிதனுக்கு உள்ள காறை எலும்பு குதிரைக்குக் கிடையாது. முன்னங்கால்களை உடலோடு பிணைத்திருப்பவை தசைகளும் தசைநார்களுமே. முதுகில் ஆள் ஏறினால் அந்தப் பாரத்திலும் பெரும்பகுதி முன்பக்கமே சாயும். பின்னங்கால்கள் வயிற்றுக்கு அடியில் எட்டி மிதித்து, வயிற்றுத் தசைகள் இறுகி, முதுகு மேலெழுந்தால்தான் ஆளைச் சுமந்தும் குதிரை நிலைகுலையாமல் நடக்கும்.

இதை அடித்துப் பழக்க முடியாது என்பதைக் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே ஏதென்ஸைச் சேர்ந்த செனபோன் எழுதிவைத்தார். மேடு பள்ளங்களில் ஏற்றி இறக்குவது, பள்ளங்களைத் தாண்டச் செய்வது, இரு பக்கமும் திரும்பப் பழக்குவது, சொன்னதைச் செய்தவுடன் இளைப்பாற விடுவது ஆகியவை அவர் சொன்ன வழிகள். அங்கவடி இல்லாத காலம் அது. குதிரையின் முதுகு அசைவைத் தம் தொடைகளாலேயே உணர்ந்தவர் எழுதிய நூல் என்பது அதன் அறிவுரைகளில் தெரிகிறது.

மறுமலர்ச்சிக் கால இத்தாலியில் குதிரையேற்றம் மீண்டும் ஒரு கலையாக வளர்ந்தது; ஆனால் அந்த மென்மை உடன் வரவில்லை. 1550இல் நேப்பிள்ஸில் வெளிவந்த கிரிசோனேயின் நூல் குதிமுள்ளையும் கடுமையான கடிவாளத்தையும் தண்டனையையும் பெரிதும் நம்பியது. அதே நகரில் பிஞ்ஞாத்தெல்லி என்ற ஆசானிடம் பயின்ற பிரெஞ்சுக்காரர் புளுவினெல் வேறு வழியில் போனார். 1594இல் பாரிஸில் பயிற்சிக்கூடம் தொடங்கிய அவர், இளங்குதிரையை ஆள் ஏற்றாமலே ஒரு தூணைச் சுற்றி நடக்கவிட்டார். தன் உடலைத் தானே தாங்கக் கற்ற பிறகுதான் அதற்கு அடுத்தவர் பாரம். பதின்மூன்றாம் லூயி மன்னருக்குக் குதிரையேற்றம் கற்பித்தவரும் இவரே.

பெரிய திருப்பம் 18ஆம் நூற்றாண்டில் வந்தது. அதற்கு முன்பே இங்கிலாந்தின் நியூகாசில் பிரபு, தலையை உட்பக்கம் வளைத்துக் குதிரையைச் சிறு வட்டங்களில் நடத்தினார். தோள்கள் இளகின, ஆனால் வட்டத்தில் பாரம் முன்பக்கமே இறங்கியது. பாரிஸின் துயிலரி அரண்மனைக் குதிரையேற்றப் பயிற்சிக்கூடத்தை நடத்திய லா கெரினியேர் இந்தக் குறையைக் கண்டு, அதே வளைவை வட்டத்திலிருந்து எடுத்துச் சுவரோரத்து நேர்கோட்டில் வைத்தார். குதிரை சுவரை ஒட்டி நடக்கிறது. தோள்கள் மட்டும் உள்ளே வருகின்றன. உடல் ஏறியிருப்பவரின் உட்காலைச் சுற்றி மெல்ல வளைகிறது. உட்புறத்து முன்னங்கால் மற்றதைக் குறுக்காகத் தாண்டும்போது, உட்புறத்துப் பின்னங்கால் உடலின் அடியில் ஆழமாக மிதிக்கிறது. அந்தப் பக்கத்து இடுப்பு தாழ்ந்து பாரத்தை ஏற்கிறது. பக்கம் மாற்றிச் செய்தால் இரு பக்கமும் சமமாக வலுப்பெறும். வேகமோ வன்முறையோ தேவையில்லாத இந்த நடையைத் தம் பாடங்களில் முதலும் கடைசியுமாக அவர் வைத்தார். 1733இல் பெருநூலாக வெளிவந்த அவர் பாடங்களில் இன்றும் பரவலாகப் புழங்கும் ஒன்று இது.

1830இல் பிரான்சின் வெர்சாய் அரண்மனைப் பயிற்சிக்கூடம் மூடப்பட்டபின் இம்மரபை விடாமல் காத்தது வியன்னாவின் ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளி. 1735இல் கட்டி முடிந்த அதன் கூடத்தில் லிப்பிசானர் குதிரைகள் இன்றும் பல ஆண்டுகள் பொறுமையாகப் பழக்கப்படுகின்றன. 2015இல் இக்கலை யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

வன்முறை இல்லாமலே குதிரையின் முதுகுத் தசையை வலுப்படுத்த முடியும் என்பது அண்மையில் அளந்தும் பார்க்கப்பட்டது. 2011இல் வெளியான ஓர் ஆய்வில் 8 குதிரைகள் ஆள் ஏறாமல், நின்ற இடத்திலேயே பயிற்சி செய்தன. உணவைக் காட்டினால் மூக்கை மார்புக்கும், முழங்கால்களுக்கு இடையிலும், விலாப்பக்கமும் நீட்ட வேண்டும், அவ்வளவுதான். மூன்று மாதங்களில் முதுகெலும்புக் கணுக்களை ஒட்டி அவற்றை நிலைநிறுத்தும் உள்தசை தடித்திருந்தது. இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் இருந்த வேறுபாடும் குறைந்திருந்தது.