மண்ணில் எஞ்சும் உலோகமும் மறையும் துணியும்: ஜொகூர் ஆடை வரலாற்றுத் தடயங்கள்

முன்னுரை

ஒருவரின் தொழில், சமயம், வாழ்நிலை ஆகியவற்றை ஒருசேர உணர்த்தும் சான்று ஆடையாகும். ஆயினும் பழம்பொருளாய்வில் மிக அரிதாகக் கிடைப்பதும் ஆடையே. பானையோடு பல நூற்றாண்டுகள் மண்ணில் கிடக்கும். பருத்தித் துணியோ மழை மிகுந்த வெப்ப நாடுகளில் விரைவில் மக்கிவிடும். எஞ்சுவன ஆடையைப் பூட்டிய பித்தான், கொக்கி, ஊக்கு, இடைவார்த் தகடு முதலிய உலோக உறுப்புகளே.

உலோகங்கண்டறியும் கருவி இன்று பொழுதுபோக்காளர் கைக்கும் எளிதில் எட்டிவிட்டது. இக்கருவியின் வழி வெளிப்படக்கூடிய ஆடைத் தடயங்கள் ஜொகூர் வரலாற்றுக்கும், சிறப்பாக அங்கு வாழ்ந்த தமிழர் வரலாற்றுக்கும் எந்த அளவுக்குத் துணைசெய்யும் என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம்.

உலோகம் காத்த துணி

உலோகம் துணியின் பகையன்று. சில வேளைகளில் அதன் காவலாகவும் அமைகிறது. மொகஞ்சதாரோவில் 1920களில் நடைபெற்ற அகழாய்வில் கிடைத்த வெள்ளிக் கலமொன்றில் பருத்தித் துணியின் எச்சம் ஒட்டியிருந்தது. சிந்துவெளி மக்கள் பருத்தி நெய்தனர் என்பதற்கு அதுவே பெருஞ்சான்றாயிற்று. உலோகத்தின் துருவிலிருந்து கசியும் உப்புகள் நூலிழையினுள் ஊறி, நுண்ணுயிர்கள் அதனை அரித்துவிடாமல் தடுத்தமையே இதற்குக் காரணமாகும். செம்புப் பித்தானின் பின்புறத்தில் படிந்த பச்சைத் துருவிலும் இவ்வாறு நெசவின் வடிவம் நிலைத்திருக்கக்கூடும்.

இதிலிருந்து ஓர் எச்சரிக்கை பெறப்படுகிறது. மண்ணிலிருந்து எடுத்த பித்தானைப் புளியிட்டுத் தேய்த்துப் பளபளக்கச் செய்பவர், பித்தானைக் காத்து ஆடையை அழித்தவராகிறார்.

ஜொகூர் ஆற்றங்கரை

மலாக்கா 1511இல் போர்த்துகீசியர் கைப்பட்ட பின்னர் அதன் அரச மரபு ஜொகூரில் வேரூன்றியது. ஆற்றங்கரைத் தலைநகரான ஜொகூர் லாமா 1587இல் போர்த்துகீசியரால் அழிக்கப்பட்டது. ஆற்றங்கரையின் பழைய இடங்களைப் பற்றிக் கிப்சன்-ஹில் 1955இல் விரிவாக எழுதினார். 1960இல் வில்லியம் சோல்ஹைமும் எர்னஸ்டீன் கிரீனும் ஜொகூர் லாமாவில் அகழாய்வு நடத்தினர். அங்குக் கிடைத்தவற்றுள் பெரும்பாலானவை சீனப் பீங்கான் ஓடுகளும் மட்பாண்ட ஓடுகளுமேயாகும்.

ஆனால் தென்கிழக்காசிய வணிகத்தில் பீங்கானுக்கு இணையாகப் புழங்கிய பொருள் சோழமண்டலத் துணி. பழவேற்காட்டின் பெயரைத் தாங்கிய 'காயின் பெலிக்காட்' இன்றளவும் மலாய் மக்கள் இடுப்பில் உடுத்தும் ஆடையாக விளங்குகிறது. மொழியில் நின்ற அத்துணி மண்ணில் நிற்கவில்லை. ஓடுகளை மட்டும் எண்ணி வணிக வரலாறு எழுதினால் சீனத்தின் பங்கு மிகுந்தும் தமிழகத்தின் பங்கு குறைந்தும் தோன்றும் என்பதை நாம் மறத்தலாகாது.

ஜொகூர் நீரிணைக்கு அப்பால், சிங்கப்பூரின் கன்னிங் கோட்டைக் குன்றில் 1928இல் நீர்த்தேக்கம் கட்ட மண் தோண்டிய தொழிலாளர்கள் பதினான்காம் நூற்றாண்டுப் பொன்னணிகளைக் கண்டெடுத்தனர். கைவளை, மோதிரம், காதணி ஆகியவற்றுடன் மணி பதித்த கொக்கிப்பூட்டு ஒன்றும் அவற்றுள் இருந்தது. அக்கண்டெடுப்பை வின்ஸ்டெட் அதே ஆண்டில் எழுதிப் பதிவு செய்தார். பின்னர் உலகப்போர்க் காலத்தில் அவற்றுள் சில காணாமற்போயின. பொருள் மறைந்தும் அதனைப் பற்றி நாம் பேச முடிகிறதெனில், அதற்குக் காரணம் அப்பதிவேயாகும்.

அரைமூடியும் சாப்பிங்கும்

பதிவின் இன்றியமையாமையை விளக்க ஓர் அணியை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் சிறு பெண்குழந்தைகளுக்கு அரைஞாணில் கோத்து அணிவித்த அரைமூடி, அரச இலை வடிவில் வெள்ளியாலோ பொன்னாலோ செய்யப்பட்டது. மலாய்க் குடும்பங்களிலும் பெண்குழந்தைகள் 'சாப்பிங்' எனப்படும் இலைவடிவத் தகட்டை அவ்வாறே இடுப்புக் கயிற்றில் அணிந்தனர். ஒரே நோக்கமும் ஏறத்தாழ ஒரே வடிவமும் கொண்ட அணி இரு பண்பாடுகளிலும் வழங்கியமை கருதத்தக்கது.

ஜொகூர் மண்ணில் இத்தகைய தகடு ஒன்று கிடைத்ததாகக் கொள்வோம். அதனை அணிந்த குழந்தை மலாய்க் குழந்தையா, தமிழ்க் குழந்தையா? வேலைப்பாடு ஓரளவு வழிகாட்டலாம். ஆயினும் கைவினைஞர் ஒருவரின் அணியை வேற்றினத்தார் வாங்குவதும் உண்டு. கிடைத்த இடம் கோத்தா திங்கியின் பழைய குடியிருப்பா, இரப்பர்த் தோட்டத்து லயமா? எத்தனை ஆழத்தில், எவ்வகை ஓடுகளுடன், எந்த நாணயத்துடன் கிடைத்தது? இவ்வினாக்களுக்கு விடை இருப்பின் அத்தகடு சான்றாகும். இல்லையேல் வெறும் வெள்ளியாகும்.

போர்க்களமும் தோட்டமும்

ஜொகூரின் அண்மைக்கால வரலாற்றிலும் இச்சிக்கல் உண்டு. 1942 சனவரியில் மூவார்ப் பகுதியில் நடந்த போரில் 45ஆவது இந்தியப் படைப்பிரிவைச் சேர்ந்த இராஜபுதன, ஜாட், கட்வால் வீரர்கள் பெருமளவில் மாண்டனர். பாரிட் சூலோங் பாலத்தருகே கைவிடப்பட்ட ஆஸ்திரேலிய, இந்தியக் காயமுற்றோர் சப்பானியப் படையினரால் கொல்லப்பட்டனர். இத்தகைய போர்க்களத்தில் கிடைக்கும் பித்தளைப் பித்தானும் தோளில் அணிந்த எழுத்துத் தகடும் கல்லறையற்ற ஒருவரின் படைப்பிரிவை அடையாளம் காட்டக்கூடும். அதனைத் தனியே பெயர்த்தெடுத்து விற்பவர், அவரை இரண்டாம் முறை அடையாளமற்றவராக்குகிறார்.

அதே காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். வேட்டி, கைலி, சேலை ஆகியவற்றுக்குப் பித்தானும் இல்லை. இடைவார்க் கொக்கியும் இல்லை. முடிந்தும் செருகியும் உடுத்தப்படும் ஆடை அது. படைவீரரின் சீருடை உலோகத்தால் பேசும். தொழிலாளியின் ஆடையோ மண்ணோடு ஊமையாகிவிடும். தாலி, மெட்டி, கடுக்கன் போன்றவை உலோகமெனினும் அவை குடும்பச் செல்வம். வறுமையில் அடகுக்கடைக்குச் செல்வனவேயன்றி மண்ணுக்குச் செல்வன அல்ல.

எனவே கருவி ஒலிக்காத இடத்தில் மக்கள் வாழவில்லை என முடிவு செய்வது பெரும்பிழையாகும். உலோகம் அணிந்தோரின் வரலாற்றையே அக்கருவி கேட்கிறது. இரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடந்தந்து மறைந்துவரும் சூழலில், எளிய தமிழரின் உடைவரலாற்றை மூத்தோர் நினைவு, பழைய நிழற்படம், பெட்டியில் மடித்து வைத்த சேலை ஆகியவற்றிலிருந்தே நாம் மீட்க வேண்டியுள்ளது.

சட்டமும் கடமையும்

இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டுப் புதையற் சட்டமும், 1997இல் தொடங்கிய தொல்பொருள் பதிவுத் திட்டமும் கண்டெடுப்போரை அறிஞருடன் இணைத்தன. ஆயினும் 2010இல் கிராஸ்பி காரட் என்னும் ஊரில் கருவி கொண்டு கண்டெடுக்கப்பட்ட உரோமானிய வெண்கலத் தலைக்கவசம், தனித்துக் கிடைத்த வெண்கலப் பொருளாதலின் அச்சட்டத்தின் வரம்புக்குள் அடங்கவில்லை. அறிஞர் முழுமையாக ஆராய்வதற்கு முன்பே அது செப்பனிடப்பட்டு, ஏலத்தில் ஏறத்தாழ 23 இலட்சம் பவுண்டுக்கு விற்கப்பட்டது. அதன் பின்னரே கண்டெடுத்த இடத்தில் அகழாய்வு நடந்தது.

மலேசியாவில் 1957ஆம் ஆண்டுப் புதையற் சட்டத்திற்கும் 1976ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டத்திற்கும் மாற்றாக 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம் இயற்றப்பட்டு, 2006 மார்ச்சு முதல் நடப்புக்கு வந்தது. மரபுடைமைச் சிறப்புடைய பொருளைக் கண்டவர் அதனை மரபுடைமை ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். மரபுடைமைப் பொருளைத் தேடி அகழ்வதற்கு உரிமம் தேவை. தற்செயலாகக் காண்பது வேறு. தேடித் தோண்டுவது வேறு என்னும் இவ்வேறுபாட்டை மாணவர்க்கு உணர்த்துவது ஆசிரியர் கடமையாகும்.

முடிவுரை

மாணவர் ஒருவர் பழைய தோட்டத்து மண்ணில் கண்ட தகட்டை வகுப்பறைக்குக் கொண்டுவந்து நீட்டினால், அதன் விலையையோ பழமையையோ கேட்பதற்கு முன், "எங்கே கண்டாய்?" எனக் கேட்போம். அவ்விடையை அன்றே எழுதி வைத்து, தகட்டைத் தேய்க்காமல் உரியவரிடம் சேர்ப்போம். அத்துடன், அத்தோட்டத்தில் வாழ்ந்த பாட்டி என்ன உடுத்தினார் என்று வீட்டில் கேட்டு வருமாறும் அம்மாணவரைப் பணிப்போம். மண் காக்கத் தவறிய துணியைக் காக்கும் பொறுப்பு நம்முடையது.