கரண்ட் போனாலும் அடிச்ச போன்

பழைய லேண்ட்லைன் போன் ஞாபகம் இருக்கா? வீட்ல கரண்ட் போனாலும் அது மட்டும் அடிக்கும். காரணம், எக்ஸ்சேஞ்சில் இருந்த 48 வோல்ட் பேட்டரி. பேச்சு வந்த அதே செம்புக் கம்பியில்தான் மின்சாரமும் வந்தது.

1990களின் கடைசியில் அலுவலக போன்கள் ஈதர்நெட் கேபிளுக்கு மாற ஆரம்பிச்சதும் இந்த வசதி காணாமல் போச்சு. ஒவ்வொரு மேசைக்கும் தனி அடாப்டர். கரண்ட் போனா, அவசரத்துக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிடக்கூட அந்த போன் உதவாது. 2000-ல் சிஸ்கோ தன் ஸ்விட்சிலிருந்தே கேபிள் வழியா போனுக்கு மின்சாரம் கொடுத்தது. ஆனா அது அவங்களோட சொந்த முறை.

பொதுவான தரத்தை ஐஇஇஇ 2003-ல் கொண்டுவந்தது. பேரு 802.3ஏஎஃப். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் ஒண்ணு இருக்கு. அதே சாக்கெட்டில் யாராவது சாதாரண லேப்டாப்பைச் செருகினா? 48 வோல்ட் நேரா பாய்ஞ்சா போர்டு போயிடலாம். அதனால ஸ்விட்ச் முதல்ல 10 வோல்ட்டுக்குள்ள லேசா தட்டிப் பார்க்கும். எதிர்முனையில் சுமார் 25,000 ஓம் மின்தடை தெரிஞ்சாதான் முழு மின்சாரம். இல்லைன்னா டேட்டா மட்டும். கதவைத் திறக்குறதுக்கு முன்னாடி 'யாரு?'ன்னு கேக்குற மாதிரி.

போர்ட்டில் புறப்படுவது 15.4 வாட். 100 மீட்டர் தள்ளி கிடைப்பது 12.95. மீதி கம்பியிலேயே சூடா போயிடும். போனுக்கு இது போதும். 2009-ல் 30 வாட், 2018-ல் 90 வாட்னு வளர்ந்து, இன்னைக்கு ஆபீஸ் கூரையில் இருக்குற வைஃபை பெட்டியும் சிசிடிவி கேமராவும் பெரும்பாலும் இதுலதான் ஓடுது. ஆனா ஸ்விட்சுக்கு யுபிஎஸ் இல்லைன்னா எல்லாம் ஒண்ணா அணையும். அந்த எக்ஸ்சேஞ்ச் பேட்டரி பார்த்த வேலையை இப்போ உங்க சர்வர் ரூம் யுபிஎஸ்தான் பார்க்கணும்.