வைரஸ் போன பின் வரும் காய்ச்சல்: சிறார் பல்லுறுப்பு அழற்சி பற்றிய ஆய்வு

1. தோற்றமும் பெயரும்

2020 ஏப்ரல் நடுவில், பத்தே நாட்களில், லண்டனின் தீவிர சிகிச்சை மருத்துவர்களிடம் எட்டுக் குழந்தைகள் ஒரே கோலத்தில் வந்து சேர்ந்தார்கள்: விடாத காய்ச்சல், வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, சரிந்துகொண்டே போகும் இரத்த அழுத்தம். மூச்சுத் தொல்லை பெரிதாக இல்லை. அவர்களில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். இத்தாலியின் பெர்காமோவில் முந்தைய ஐந்தாண்டுகளில் 19 குழந்தைகளிடம் மட்டுமே காணப்பட்ட கவாசாகி வகை நோய், பிப்ரவரி 18 முதல் ஏப்ரல் 20 வரையிலான இரண்டு மாதங்களில் 10 குழந்தைகளைத் தாக்கியிருந்தது. மே 15 அன்று உலக சுகாதார நிறுவனம் இந்நோய்க்கு முதல் வரையறை தந்தது. அதே ஆண்டில் சென்னையின் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றிலிருந்து எட்டு வயதுச் சிறுவனின் நோய் விவரம் 'இந்தியன் பீடியாட்ரிக்ஸ்' இதழில் வெளிவந்தது.

பிரிட்டிஷ் மருத்துவர்கள் வைத்த பெயரில் 'கொரோனாவோடு காலத் தொடர்புள்ள' என்ற அடைமொழி இருந்தது. 'கொரோனாவால் வந்த' என்று சொல்ல அப்போது சான்று போதவில்லை. பெயரிடுவதில் இவ்வளவு நாணயம் அபூர்வம்.

2. கவாசாகி நோயோடு ஒப்பீடு

டோக்கியோவில் தொமிசாகு கவாசாகி 1961இல் முதன்முதலாகக் கண்டு, 1967இல் 50 குழந்தைகளின் விவரத்தோடு எழுதிய நோயே கவாசாகி நோய். சிவந்த கண், வெடித்த உதடு, தடிப்புகள் எழுந்த தோல் ஆகியவை அதற்கும் இந்தப் புதிய நோய்க்கும் பொது. ஆனால் கவாசாகி நோய் பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கே வரும். இதுவோ எட்டு, ஒன்பது வயதுப் பள்ளிப் பிள்ளைகளை அதிகம் பிடித்தது. அங்கே இதயத் தமனி வீங்குவது முதல் கவலை. இங்கே இதயத் தசையே சோர்ந்து, இரத்தத்தை உந்தித் தள்ளும் வலு குறைகிறது. அங்கே இரண்டாம் வாரத்தில் தட்டணுக்கள் ஏறும்; இங்கே தொடக்கத்திலேயே இறங்கும். புதிய நோய்க்கு வரையறை வந்து மூன்று வாரத்தில், 2020 ஜூன் 5 அன்று, கவாசாகி தம் 95ஆம் வயதில் காலமானார்.

3. கண்டறிதல்

இந்நோயின் சூட்சுமம் தேதியில் இருக்கிறது. கொரோனாத் தொற்று வந்து இரண்டு முதல் ஆறு வாரம் கழித்தே காய்ச்சல் தொடங்கும். தொற்றோ, பல குழந்தைகளுக்கு ஒரு தும்மலோடு போயிருக்கும். சிலருக்கு அதுவும் இல்லை. ஆகவே மூக்கில் எடுத்த சளியில் வைரஸ் பெரும்பாலும் அகப்படாது; இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கும். வயிற்றுவலியின் கடுமையைக் கண்டு குடல்வால் அழற்சி என்று அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோன குழந்தைகளும் உண்டு. இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவும் இதயத்தின் எக்கோ பரிசோதனையும் துணை நிற்கும் என்றாலும், "ஒன்றரை மாதத்துக்குள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்ததா?" என்ற கேள்விக்கு ஈடான பரிசோதனை இல்லை என்பேன். டெங்கு, டைபாய்டு, ஸ்க்ரப் டைபஸ் நடமாடும் நம் ஊர்களில் அவற்றையும் விலக்கியாக வேண்டும்.

4. காரணம்

தொண்டையில் கிருமி வந்து போன சில வாரங்களில் மூட்டையும் இதயத்தையும் தாக்கும் வாதக் காய்ச்சலை நாம் நெடுநாளாக அறிவோம். இங்கும் வழி அதையொத்ததே போலும். 2024இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு, நோயுற்ற குழந்தைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கினரிடம், வைரஸின் புரதத் துண்டையும் உடலின் சொந்தப் புரதமான எஸ்.என்.எக்ஸ்.8-இன் துண்டையும் ஒன்றென எண்ணித் தாக்கும் எதிர்ப்பொருள்களைக் கண்டது. எஞ்சியோரின் கதை இன்னும் திறந்தே கிடக்கிறது.

5. மருத்துவம்

இம்யூனோகுளோபுலின் கிலோவுக்கு 2 கிராம்: 20 கிலோ பிள்ளைக்கு 40 கிராம், மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக ஏறும். ஆயிரக்கணக்கானோர் தந்த பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுப்பது, விலையும் அதற்கேற்ப. கூடவே ஸ்டீராய்டும் குறைந்த அளவு ஆஸ்பிரினும். 32 நாடுகளின் 614 குழந்தைகளை ஒப்பிட்ட 2021ஆம் ஆண்டு ஆய்வில், இம்யூனோகுளோபுலின் மட்டும், ஸ்டீராய்டு மட்டும், இரண்டும் சேர்த்து என்ற மூன்று தொடக்க முறைகளுக்கிடையே தெளிவான வேறுபாடு தென்படவில்லை. விலையுயர்ந்த மருந்து எட்டாத மருத்துவமனைகளுக்கு இதைவிட முக்கியமான செய்தி வேறில்லை.

உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். இதயமும் பெரும்பாலும் சில மாதங்களில் பழைய நிலைக்குத் திரும்புகிறது. பெற்றோர் கவனிக்க ஒன்று உண்டு. இந்த அளவு இம்யூனோகுளோபுலின் ஏறிய குழந்தைக்குத் தட்டம்மை, சின்னம்மைத் தடுப்பூசிகளை 11 மாதம் தள்ளிப்போட வேண்டும். வீடு திரும்புமுன் அந்தத் தேதியைத் தடுப்பூசி அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.